தலை தீபாவளியும் மூன்றாவது ஃபேஸும்

எங்கள் வீட்டுக்கு வரும் மின்சாரத்தில் மூன்று ஃபேஸ். என் மனைவிக்குத் தெரிந்தது ஒன்றுதான்: எதில் மிக்சி ஒழுங்காகச் சுற்றுகிறதோ அது. மன்னார்குடியில் வோல்டேஜ் குறைந்தால், மீட்டருக்குப் பக்கத்திலுள்ள சுவிட்சைத் திருகி வீட்டை வேறு ஃபேஸுக்கு மாற்றிக்கொள்வோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை. மூக்கைச் சொறிவது மாதிரி.

நான் மின் பாதுகாப்பு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவன். தலை தீபாவளிக்கு லண்டனிலிருந்து வரும் மாப்பிள்ளை, தண்ணீரை அந்த நிமிடமே சூடாக்கிக் கொட்டும் மின்சார ஷவரில் குளித்துப் பழகியவர் என்றாள் மகள். அதே மாதிரி ஒன்றை வரவழைத்தேன். ஏழரை கிலோவாட். (ஏழரை என்றதுமே உஷாராகியிருக்க வேண்டும்.) முப்பத்து மூன்று ஆம்பியர் இழுக்கும் என்று கணக்கிட்டு, பத்து சதுர மில்லிமீட்டர் செம்பு ஒயர், நாற்பது ஆம்பியர் எம்.சி.பி., தனி எர்த், கசிவு வந்தால் துண்டிக்கும் கருவி எல்லாம் போட்டேன். கூடுதல் லோடுக்கு முறைப்படி அனுமதி வாங்கினேன். மூன்றாவது ஃபேஸை ஷவருக்கென்றே ஒதுக்கினேன். இதை மனைவியிடம் சொல்லவில்லை. ஆம்பியர் விஷயம், அவளுக்கெதற்கு?

தீபாவளி விடியற்காலை. சூரியன் உதிப்பதற்குள் மாப்பிள்ளை தலைமுழுகியாக வேண்டும்; முதல் தீபாவளியிலேயே அது தவறினால் என் மனைவி சொந்தபந்தம் முழுவதற்கும் பதில் சொல்ல வேண்டும். உடம்பெல்லாம் நல்லெண்ணெயுடன் உள்ளே போனவர், "சூப்பர் மாமா! வெந்நி சும்மா கொட்டுது!" என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

ஊரே வெந்நீர் போட்ட நேரம். சட்னி அரைத்த மிக்சி முனகியது. மனைவி வந்து சுவிட்சைத் திருகினாள். இரண்டாவது ஃபேஸிலும் முனகல். மூன்றாவதில் மிக்சி சீறியது. ஏசி, கிரைண்டர், இண்டக்‌ஷன் அடுப்பு, இஸ்திரிப்பெட்டி எல்லாம் ஷவரோடு சேர்ந்துகொண்டன. சற்று நேரத்தில் மீட்டர் பக்கம் 'டப்' என்றது.

இந்த ரக ஷவரில் கரண்ட் நின்றால் தண்ணீரும் நிற்கும். அதுவும் பாதுகாப்புக்காகத்தான்.

"மாமா, தண்ணி நின்னுடுச்சு!"

"பயப்படாதீங்க மாப்பிள்ளை. மெயின் ஃபியூஸ் போயிருக்கு. அதாவது, அதோட வேலைய அது சரியாப் பார்த்திருக்கு. நீங்க முழுப் பாதுகாப்பா இருக்கீங்க."

"கண்ணெல்லாம் சீயக்காய் மாமா!"

தொழுகை முடிந்து வாழ்த்துச் சொல்ல வந்த பக்கத்து வீட்டு கவுஸ் பாய், "ஒரு கம்பியச் சுத்திவிட்டா ஆச்சு சார். நான் போடறேன்" என்றார்.

"சீல் வச்ச ஃபியூஸ் பாய். லைன்மேன்தான் தொடணும். இப்படிக் கம்பி சுத்தினதுக்குத்தானே அன்னிக்கு உங்க கடையில வந்து சத்தம் போட்டேன்?"

"போட்டீங்க சார். மறக்க முடியுமா?"

லைன்மேனுக்குப் போன் போட்டேன். "எண்ணெய் தேய்ச்சிருக்கேன் சார். குளிச்சிட்டு வந்துடறேன்."

"உங்க சட்டம் வந்து சீயக்காயக் கழுவுமா?" என்ற மனைவி, கொல்லைக் குழாயில் வாளியை நிரப்பினாள். ஐப்பசி மழையில் ஜில்லிட்ட தண்ணீர். கதவிடுக்கில் ஒரு வழுக்கும் கை நீண்டு வாளியை வாங்கியது. அடுத்து வந்த அலறலுக்குத் தெருவில் வெடி வெடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளே நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். சூரியன் இன்னும் வரவில்லை. சாஸ்திரம் பிழைத்தது.

வயரிங்கில் இன்றுவரை ஒரு குறையும் இல்லை. ஆனால் அன்று சுவிட்சைத் திருகியது யாரென்று தெரிந்துகொண்ட மாப்பிள்ளை ஒவ்வொரு முறை குளிக்கப் போகும்போதும் என் மனைவி குளியலறை வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஊர்க்கதை ஏதாவது பேசிக்கொண்டே இருக்க வேண்டும். மூச்சு வாங்கக் கொஞ்சம் நிறுத்தினால் போதும், உள்ளேயிருந்து குரல் வரும்:

"அத்தை! எங்க எழுந்திரிச்சுப் போறீங்க?"