நாற்பது பாகைக் கத்தி

இனிமேல் கத்தி தீட்டுவதில்லை என்று ஒரு சனிக்கிழமை தீர்மானித்தேன். கரம்பொன்னில் எந்தக் கணவனும் அதற்கு முன் துணிந்திராத தீர்மானம்.

காரணம் சீட்டு. சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டுத் தியாகலிங்கத்தின் மாமரத்தடியில் முன்னூற்றுநாலு ஆட்டம் தொடங்கும். நாலு பேர் வேண்டும். நானும் தியாகலிங்கமும் ஒரு பக்கம். சரியாக அந்த நேரம் பார்த்து மீன்காரரும் வருவார். பரிமளம் மொட்டைக் கத்தியை என் கையில் தருவாள். நான் தீட்டி முடிப்பதற்குள் வேலிக்கு அப்பால் மற்ற மூன்று பேரும் சீட்டைக் கலைத்துக் கலைத்து அலுத்துவிடுவார்கள். உடம்பு இங்கே, காது அங்கே. இருப்புக்கொள்ளாது.

பத்திரிகையில் படித்த ஒரு விஷயம் கைகொடுத்தது.

"கண்டபடி தீட்டக்கூடாது பரிமளம். கத்தி விளிம்பின்ரை கோணத்தை லேசராலை அளந்துதான் தீட்டவேணும்."

"லேசர் வந்தால் தீட்டுவியளோ?"

"ஓம், வந்தால் தீட்டுறன்."

லேசராவது, ஊர்காவற்றுறை பஸ்ஸில் வருவதாவது.

அடுத்த சனிக்கிழமை அது பஸ்ஸில்தான் வந்தது. பரிமளத்தின் தம்பி குலசிங்கம் விஞ்ஞான ஆசிரியன். யாழ்ப்பாணத்தில் கண்காட்சிக்கு வந்திருந்த கருவியை ஒரு நாள் இரவல் கேட்டு, பிள்ளையைப் போல மடியில் வைத்துக் கொண்டுவந்தான். அத்தானுக்கு அது இல்லாமல் ஏலாதாம் என்று அக்கா ஆள் அனுப்பியிருந்தாளாம்.

குசினி யன்னலைச் சாத்தி இருட்டாக்கினோம். பெட்டியிலிருந்து ஒரு செங்கதிர் புறப்பட்டுக் கத்தி விளிம்பில் பட்டது. இரண்டு பக்கச் சரிவிலும் தெறித்துச் சுவரில் இரண்டு சிவப்புப் புள்ளிகளாக நின்றது. அந்தக் கதிர்களுக்கு இடையிலுள்ள கோணத்தைப் பாகைமானியால் அளந்து பாதியாக்கினால் கத்தியின் கோணம் வரும். அறுபது பாகை வந்தது.

"இது கத்தியில்லை அத்தான், ஆப்பு. நாப்பதுக்குக் கொண்டுவாங்கோ."

தீட்டினேன், அளந்தான். மறுபடி தீட்டினேன், மறுபடி அளந்தான். வேலிக்கு அப்பால் சீட்டுக் கலைக்கும் சத்தம். தியாகலிங்கம் கூப்பிட்டான். வாறன் என்று கத்திவிட்டுத் தீட்டினேன். ஒருவழியாக நாற்பது பாகை வந்தது.

எழுந்து போயிருக்கலாம். ஆனால் அடுத்த சனிக்கிழமையின் நினைவு வந்தது. கத்தியை உயர்த்திப் பிடித்துக்கொண்டு விளக்கம் கொடுத்தேன். கோணம் தெரிந்த கைதான் இதைத் தொடலாம். கை கொஞ்சம் சரிந்தாலும் விளிம்பு கெட்டுவிடும். சரியாகப் பாவித்தால் வருஷக் கணக்கில் தீட்டத் தேவையில்லை. குலசிங்கமும் தலையாட்டினான்.

பரிமளம் மிகவும் கவனமாகக் கேட்டாள். பிறகு ஒரு கூடை சூடை மீனை என் முன்னால் வைத்தாள்.

"எனக்குக் கோணம் ஒண்டும் தெரியாது. நான் தொட்டுக் கெடுத்தால் பேந்தும் நீங்கள்தான் தீட்டவேணும், பாவம். நீங்களே வெட்டுங்கோ."

கையைத் துடைத்துக்கொண்டு வெளியே போய்விட்டாள். நான் சொன்னதை நானே மறுப்பது எப்படி? அதுவும் மைத்துனனுக்கு முன்னால்?

சூடை விரல் நீளம்தான். வெட்ட வெட்டக் குறையாத சாதி. முழங்கைவரை செதிலோடு இருக்கும்போது வேலிக்கு அப்பால் பெரிய சிரிப்புக் கேட்டது. என்னால் பொறுக்க முடியவில்லை.

"தியாகலிங்கம், ஒரு கை குறையுதெல்லே, கொஞ்சம் பொறும், வாறன்."

"ஆறுதலா வெட்டுங்கோ அண்ணை. பரிமளம் அக்கா உங்கடை இடத்திலை இருந்தாப் பிறகுதான் எங்கடை பக்கம் வெல்லுது."