சுல்தான் மகளுக்குக் கண்ணீர் அஞ்சலி

எங்காவது பெயின்ட் கரைக்கிற டர்பன்டைன் வாசனை வந்தால், இன்றும் ஒருமுறை சுற்றுமுற்றும் பார்த்துக்கொள்கிறேன்.

கிழக்குத் தாம்பரத்தில் அவர் கைபடாமல் எவரும் சொர்க்கம் போனதில்லை. செத்தவர்களுக்குப் படத்தோடு அஞ்சலித் தட்டி எழுதுகிறவர். உயிரோடிருந்தபோது வாய்க்காத மூக்கையும் நிம்மதியையும் செத்தபின் வரைந்து கொடுப்பார். பெயர் யாருக்கும் தெரியாது. டர்பன்டைன் அண்ணன், அவ்வளவுதான். காதில் எப்போதும் ஒரு பீடி. டர்பன்டைன் தீப்பிடித்துவிடும் என்று பயந்து அதைப் பற்றவைத்ததே இல்லை.

எண்பதுகளின் நடுவே நான் அங்கே ஒரு பள்ளியில் தற்காலிக வரலாற்று ஆசிரியன். தலைமையாசிரியை கையெழுத்திட்டால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் செம்பாக்கம் ஏரியைச் சுற்றிச் சுற்றி நடந்து கவிதை எழுதலாம். அந்த அம்மாள் வராந்தாவில் நடந்தால் காக்கைகூடக் குரலைத் தாழ்த்தும்.

பள்ளிக் கண்காட்சிக்கு நான் தேர்ந்தெடுத்தது, அப்பாவின் அரசவையையே விரலசைவில் நடத்திய துருக்கியின் உதுமானிய சுல்தானின் மகளை. நூலகப் புத்தகத்தில் அவள் படம் தபால்தலை அளவு. அதைப் பெரிதாக எழுதித்தரச் சொல்லி அண்ணனிடம் நீட்டினேன்.

"மூஞ்சி மேலயே லைப்ரரி சீலு குத்திக் கீறானுங்க சார். இன்னான்னு வரையறது?"

"அதிகாரம் தெரியணும்ணா. கண்ணப் பாத்தா மந்திரிங்களே நடுங்கணும்."

"அப்டி ஒரு மூஞ்சி எனுக்குத் தெரியும்." கொஞ்சம் யோசித்தார். "உசுரோட கீறாங்களா?"

"செத்து நானூறு வருஷம் ஆச்சு."

"அடப் பாவமே," என்று உச்சுக்கொட்டினார். யார் முகம் என்று நான் கேட்கவில்லை. அந்த ஒரு கேள்வியை விழுங்கியதற்கு இன்னும் ஏப்பம் வருகிறது.

கண்காட்சி அன்று காலை பள்ளி வாசலில் ஒரே கூட்டம். டீக்கடைக்காரர் பாதி ஷட்டரை இறக்கியிருந்தார். பம்மலிலிருந்து பிள்ளையை விட வந்த ஒரு தாய் செருப்பைக் கழற்றிவிட்டு விசும்பிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

எட்டடித் தட்டி. தங்கக் கிரீடம், முத்துத் திரை, கழுத்தில் புறா முட்டை அளவு மரகதம். நடுவில் எங்கள் தலைமையாசிரியையின் முகம். மேலே 'கண்ணீர் அஞ்சலி'. கீழே, இறந்தவர் படம் எல்லாவற்றுக்கும் அண்ணன் எழுதுகிற குத்துவிளக்கு, சுடரோடு. யாரோ ஒரு புண்ணியவான் ரோஜா மாலையும் சாத்தியிருந்தார்.

பக்கத்தில் அண்ணன், பெருமையாக.

அப்போதுதான் ரிக்‌ஷாவிலிருந்து தலைமையாசிரியை இறங்கினார். பம்மல் தாய் "ஐயோ, மிஸ்ஸு" என்று அலறி, கழற்றிய செருப்பை மறந்து ஓடினார்.

அம்மாள் படத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"சார், நான் எப்ப செத்தேன்?"

அண்ணன்தான் பணிவோடு சொன்னார்: "நானூறு வருசம் ஆவுதும்மா."

அம்மாள் நகை அணியாத கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர்; அந்தக் கழுத்தில் குன்றிமணித் தங்கத்தைக்கூட யாரும் பார்த்ததில்லை. அவர் விரல்கள் மெல்ல மேலேறி, படத்தில் மரகதம் இருந்த இடத்தில், தன் வெறுங்கழுத்தைத் தொட்டன.

"வெளக்கையும் அந்த எழுத்தையும் அழிச்சிடுங்க," என்றார் அண்ணனிடம். "மத்தது அப்படியே இருக்கட்டும்."

அடுத்த வாரம் என் ஆணையில் கையெழுத்து விழுந்தது. அவர் ஓய்வுபெறும்வரை அந்த இளவரசி அவருடைய அறையில்தான் அரசாண்டாள்.

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் எனக்குத் தெற்கே வேறு வேலை. தாம்பரம் நடைமேடையில் ரயில் நகரத் தயாரானபோது, முதலில் வாசனை வந்தது. பின்னால் அண்ணன் வந்தார். ஜன்னல் கம்பிக்குள் கையை நீட்டினார்.

"ஒன் போட்டோ ஒண்ணு குட்த்துட்டுப் போ சார். எழுதி என் வூட்டுல மாட்டிக்கிறேன். பயப்படாத, வெளக்கு வெக்க மாட்டேன்."