மேளம் அடிக்காத பொதுக்கூட்டம்

பெருநகர்,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள சின்னராசு அண்ணனுக்கு,

தங்கை கனகா வணங்கி எழுதுவது. இங்கே நான் சுகம், மாடு இரண்டும் சுகம், உங்கள் மாப்பிள்ளையும் சுகம். அவர் சுகமாக இருப்பதுதான் இப்போது என் குறை. போனில் சொன்னால் நீங்கள் பாதியிலேயே சிரித்துவிடுவீர்கள், அதனால்தான் கடிதம்.

முப்பது வருடம் கட்சியில் உழைத்து ஒன்றியச் செயலாளராக இருப்பவர், இந்தத் தடவை எம்.எல்.ஏ. சீட்டு அவருக்குத்தான் என்று ஊரே பேசியது உங்களுக்கும் தெரியும். மாவட்டச் செயலாளர் எங்கள் பெருநகர் ஊருக்கே வந்து, இவர் கூட்டும் பொதுக்கூட்டத்தைப் பார்த்துவிட்டுப் பெயரை மேலே அனுப்புவதாக ஏற்பாடு. நானும் பதவியேற்புக்குக் கட்டிக்கொள்ள அரக்குப் பட்டு எடுத்து, ரவிக்கையும் தைத்து, தெருவில் நாலு பேரிடம் காட்டியும் விட்டேன். காட்டாமல் இருந்திருக்கலாம்.

கூட்டத்துக்கு முதல்நாள் ஏரிக்கரைத் திடலில் மேடைக்குக் குழி தோண்டப் போனால், ஒரு ஆள்காட்டிக் குருவி தலைக்கு மேலே கத்திக்கொண்டே சுற்றியிருக்கிறது. வேறு யாராவது என்றால் கல்லெடுத்து விரட்டியிருப்பார்கள். இவருக்குத்தான் பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதிருந்தே இந்தப் பைத்தியம் ஆயிற்றே, நம் வீட்டுக்குப் பெண் பார்க்க வந்த அன்றே என்னைப் பார்க்காமல் புளியமரத்துப் பொந்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்தானே. வெறுந்தரையில் கூழாங்கல் மாதிரி நாலு முட்டை கிடப்பதைக் கண்டுபிடித்து, மேடையைத் திடலின் அந்தக் கோடிக்கு மாற்றி, பட்டாசு கூடாது, மேளம் கூடாது, மைக்செட் கூடாது என்று ஒவ்வொன்றாக நிறுத்தி, வந்த தொண்டர்களையும் கோஷம் போடாமல் ஓரமாக நடக்கச் சொல்லிவிட்டார். மாவட்டச் செயலாளர் காரைவிட்டு இறங்குகிறார், ஒரு சத்தம் இல்லை.

"இன்னாய்யா ஏகாம்பரம், எழவு வூடு மாதிரி கீது?" என்று கேட்டாராம்.

மாலையோடு நின்ற இவர் உதட்டில் விரலை வைத்து, "அண்ணே, கொஞ்சம் மெதுவா பேசுங்க. அங்க அடை காத்துக்கினு கீது" என்றாராம்.

அவர் மாலையைக்கூட வாங்கிக்கொள்ளவில்லை. மறுவாரமே சீட்டு வேறொருவருக்குப் போய்விட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது அண்ணா. இந்த மனுஷன் கை கழுவிவிட்டு உட்கார்ந்து, இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டு, "நாலும் பத்திரமா கீது கனகா" என்கிறார். அன்றிலிருந்து தினமும் குடையும் மடக்கு நாற்காலியும் எடுத்துக்கொண்டு திடலுக்குக் காவல் போகிறார், நாய் வருமாம், ஆடு மிதிக்குமாம். சட்டசபையில் உட்கார வேண்டியவர் பொட்டல்ல உட்காந்துக்கினு கீறாரு, இது நியாயமா, நீங்களே சொல்லுங்க.

நீங்கள் உடனே புறப்பட்டு வந்து, அரசியலா குருவியா, ஏதாவது ஒன்றை விடச் சொல்லி அவரை நன்றாகத் திட்ட வேண்டும். நீங்கள் சொன்னால்தான் கேட்பார். அண்ணிக்கும் மகள் கீர்த்திக்கும் என் அன்பைச் சொல்லுங்கள். அவள் பரீட்சை நல்லபடியாக எழுத நம் குலதெய்வம் கூடவே இருக்கட்டும்.

இப்படிக்கு,
பாசமுள்ள தங்கை
கனகா

பி.கு.: வீட்டுக்குப் போக வேண்டாம், பூட்டியிருக்கும். பஸ்ஸை விட்டு இறங்கி நேரே திடலுக்கு வாருங்கள். அவர் நாஷ்டா சாப்பிடப் போயிருக்கிறார், இந்தக் கடிதத்தை அவர் நாற்காலியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். காலையில் மூன்று குஞ்சு வெளியே வந்துவிட்டது, உடம்பைவிடக் கால்தான் நீளம், அவ்வளவு அழகு. நான்காவது முட்டையிலும் கீறல் விழுந்திருக்கிறது. எல்லாம் பறக்கும்வரை நாங்கள் இரண்டு பேரும் இங்கேதான். பட்டு, கீர்த்தி கல்யாணத்துக்கு ஆகும். அவரைத் திட்டுவதாக இருந்தால், கொஞ்சம் மெதுவாகத் திட்டவும்.