துரைக்குளத்துச் சவாரி

ஊசிமலைத் தோட்டத்துப் பெரிய கிளாக்கர் சிற்றம்பலத்துக்குச் சைக்கிள் ஓடத் தெரியாது. இந்த உண்மை உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும் என்று அவர் நம்பியிருந்தார். ஒருவர் அவர். மற்றவர் குளத்துக் காவற்காரர் இராசையா.

ஆனாலும் அவரிடம் சைக்கிள் இருந்தது. பெரிய கிளாக்கர் என்றால் சைக்கிள் இருக்கவேண்டும். முன்பு அந்த நாற்காலியில் இருந்தவரிடமும் இருந்தது. பதுளையில் புஹாரியின் கடைக்குப் போய், நடுவில் கம்பி இல்லாத ஒன்றைத் தெரிந்தெடுத்தார். ஏற நேர்ந்தால் காலைத் தூக்க வேண்டியதில்லை என்பது அவர் கணக்கு. அது பெண்கள் ஓடுகிற சைக்கிள் என்று சொல்லப் புஹாரி வாயெடுத்தார்; கறுப்புக் கோட்டைப் பார்த்ததும் மூடிக்கொண்டார். தோட்டத்திலும் ஒருவரும் கேட்கத் துணியவில்லை.

மலைநாடு அவருக்கு உதவியாக இருந்தது. அவர் கணக்கெழுதும் கந்தோர் மேட்டில் இருந்தது. ஏற்றத்தில் எல்லாரும் தள்ளிக்கொண்டுதான் போவார்கள்; அவரும் தள்ளினார். இறக்கத்தில், "பிரேக்கை நம்பி உயிரைக் குடுக்கலாமோ?" என்று கேட்டுக்கொண்டு தள்ளினார். பொறுப்பான மனிதர் என்று பெயர் வந்தது.

சமதரை ஒன்றே ஒன்றுதான். அது துரைக்குளத்தைச் சுற்றிப் போகும் பாதை. தேயிலைத் தொழிற்சாலைக்குத் தண்ணீர் தேக்க எந்தக் காலத்திலோ ஒரு துரை கட்டிய குளம். இப்போதைய துரை அதில் தூண்டில் போடுகிறவர். மீன் மிரண்டுவிடும் என்று லொறி, கார், மாட்டுவண்டி எல்லாவற்றையும் தடுத்து, பாதையின் வாயில் சங்கிலி கட்டி, பக்கத்தில் இராசையாவையும் இருத்திவிட்டார். நடப்பவர்களும் சைக்கிள்காரர்களும் மட்டும் போகலாம். சைக்கிள்காரர்களும் மணி அடிக்கக்கூடாது.

ஒருபுறம் தேயிலை. மறுபுறம் தண்ணீர். மேலே மூடுபனி. பார்க்க ஆளில்லை. சிற்றம்பலம் அந்தப் பாதையை நேசித்தது கடைசியாகச் சொன்ன அழகுக்காகத்தான். ஞாயிறுதோறும் சைக்கிளோடு சங்கிலியைத் தாண்டுவார். குளம் முழுவதையும் தள்ளிக்கொண்டே சுற்றுவார். மத்தியானச் சாப்பாட்டுக்கு வியர்த்துக் கொட்ட வந்து சேருவார்.

"என்னங்க ஐயா, திரும்பவும் காத்துப் போச்சுங்களா?" என்பார் இராசையா.

"ஓம். முள்ளுக் குத்திப்போட்டுது."

"இந்த ரோட்டுல முள்ளு ஜாஸ்திங்க," என்று இராசையாவும் மரியாதையாக ஒப்புக்கொள்வார்.

தள்ளியதில் ஒரு பயனும் இருந்தது. ஓடுகிறவர்கள் காணாததெல்லாம் அவர் கண்ணில் பட்டது. வீட்டு விறாந்தையில் யார் வந்து இருந்தாலும் அந்தப் பாதையைப் பற்றிப் பாடம் தொடங்கிவிடும். மதகடியில் வலப்பக்கம் ஒதுங்கவேண்டும். யூக்கலிப்டஸ் மரங்களின் கீழே சருகு வழுக்கும். அக்கரை வளைவில் பள்ளம் இருக்கிறது, அங்கே இடப்பக்கம் எடுக்கவேண்டும். மனைவி குணமணி தேநீர் கொண்டுவந்து வைப்பாள்; வைத்துவிட்டுக் கதவோரம் நின்று கேட்பாள்.

அந்த ஆவணியில் அக்கரையில் இருக்கும் கீழ்க்கணக்கு என்ற தோட்டப் பிரிவின் பள்ளிக்கூடத்து வாத்தியார் மாற்றலாகிப் போனார். அந்த இடத்துக்குக் குணமணி வரலாமா என்று துரையே கேட்டனுப்பினார்.

குணமணி கல்யாணத்துக்கு முன்பே ஆசிரியப் பயிற்சி முடித்தவள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்த நாள் தொட்டு அந்தச் சான்றிதழ் பூச்சி உருண்டைகளோடு பெட்டியில் கிடந்தது. பகலெல்லாம் தகரக் கூரையில் மழை பெய்யும். மழை விட்டால் பனி சன்னலடிக்கு வரும். கணவர் கந்தோரிலிருந்து வரும்வரை அவள் குரலை அவளே கேட்பதில்லை. ஒரு நாள் வாளியில் தண்ணீர் நிரம்பும் சத்தத்துக்கு, "போதும்," என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்ன பிறகு பயந்துபோனாள்.

அவளுக்கு அந்த வேலை வேண்டும். சிற்றம்பலத்துக்கோ சூடான மத்தியானச் சோறு வேண்டும், அதன் மேல் ஒரு நித்திரை வேண்டும். இதை நேரே சொல்ல முடியாததால் அவர் பாதையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் மறிக்கேல்லை. ஆனால் எப்பிடிப் போவீர்? பஸ் எண்டால் பெரகலைக்கு இறங்கி, மற்ற பஸ் பிடிச்சு ஏறவேணும். பிள்ளையள் வீட்டை போற நேரத்துக்குத்தான் நீர் போய்ச் சேருவீர்."

"அப்ப குளத்துப் பாதையாலை சைக்கிளிலை போறன்."

சிற்றம்பலம் இரக்கத்தோடு சிரித்தார். "அது நல்லாப் பழகின ஆம்பிளையளுக்கே கஷ்டம், குணமணி. கிழமைக்குக் கிழமை ஓடுற எனக்கே மதகடியிலை நெஞ்சு இடிக்கும்."

"நீங்கள் சொன்னால் சரியாத்தான் இருக்கும். என்னை ஒருக்காக் கரியரிலை வைச்சுக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கோவன். பள்ளிக்கூட வாசலிலை வைச்சு, 'இது பொம்பிளை ஓடுற பாதை இல்லை' எண்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. அதோடை விட்டிடுறன்."

"பிறகு கேக்க மாட்டீர்?"

"கேக்க மாட்டன்."

வென்றுவிட்ட மகிழ்ச்சியில் அவர் சம்மதித்தார். 'கரியரிலை வைச்சு' என்பது கை கழுவும்போதுதான் உறைத்தது.

ஞாயிறு காலை குசினிக்குப் பின்னால் போய், முன் சில்லின் காற்றைத் திறந்துவிட்டார்.

"காத்துப் போச்சு, குணமணி. பாவம், நீர் வெளிக்கிட்டும் போட்டீர்."

"அதுக்கென்ன." அவள் பம்பை எடுத்துவந்து குந்தினாள். ஏதோ திருகினாள், அடித்தாள், விரலால் அமுக்கிப் பார்த்தாள். "முள்ளு ஒண்டும் இல்லை. வால்வு கழண்டு கிடந்தது. ஆரோ திருகினமாதிரி."

"எலியாயிருக்கும்."

"ஓம். படிச்ச எலி."

சங்கிலியடியில் இராசையா இருவரையும் கண்டார். கும்பிட்டார். பிறகு குளத்தையே கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏறுங்கோவன்," என்றாள் குணமணி.

"முதல் காட்சியைப் பாரும். மதகு தாண்டட்டும்."

மதகு தாண்டியது.

"இனி ஏறுங்கோ."

"சருகு வழுக்கும்."

மரங்களும் முடிந்தன. முன்னால் பாதை பலகை போட்டதுபோல் நேராகக் கிடந்தது. குற்றம் சொல்ல ஒரு கூழாங்கல்கூட இல்லை. சிறுவயதில் ஒழுங்கையில் சைக்கிளோடு பனையோலை வேலிக்குள் போய்ச் சொருகிக்கொண்டது சிற்றம்பலத்துக்கு நினைவுக்கு வந்தது. கதிர்காமக் கந்தனை நினைத்துக்கொண்டு சீற்றில் அமர்ந்து, மிதியில் ஒரு காலை வைத்தார். முழங்கால் எழுந்து வந்து கைப்பிடியில் இடித்தது.

"என்ன இது? சீற் இறங்கிக் கிடக்குது."

"இண்டைக்குத்தான் கண்டனீங்களோ?"

"எப்ப இறங்கினது?"

"தைப்பொங்கல் முடிஞ்ச கையோடை. எனக்குக் கால் எட்டேல்லை. நாலு விரல் இறக்கினனான்."

சிற்றம்பலம் இறங்கவும் இல்லை, ஏறவும் இல்லை. அப்படியே நின்றார்.

"மத்தியானம் நீங்கள் குறட்டை விடத் தொடங்கினால் நான் சைக்கிளை எடுப்பன்," என்றாள் அவள், குரலை உயர்த்தாமல். "நீங்கள் எழும்ப முதல் சீற்றை உயர்த்தி வைச்சிடுவன். ஒரு நாள் மழையாலை பிந்திப்போச்சு. அப்பிடியே விட்டிட்டன். அண்டைக்குப் பின்னேரம் முழுக்க எனக்கு நடுக்கம். நீங்கள் ஒண்டும் கேக்கேல்லை. ஞாயிற்றுக்கிழமை குளத்தைச் சுத்திப்போட்டு வந்தும் ஒண்டும் கேக்கேல்லை. அப்பதான் எனக்கு விளங்கினது."

"ஏன் அப்பவே சொல்லேல்லை?"

"நீங்களா ஒரு நாளைக்குச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான்."

தண்ணீரின் மேலே பனி நகர்ந்தது. எங்கோ ஒரு மீன் துள்ளி விழுந்தது. சிற்றம்பலம் சீற்றிலிருந்து இறங்கினார்.

"பின்னாலை இருங்கோ," என்றாள் குணமணி.

அவள் சேலைக் கரையை இடுப்பில் செருகிக்கொண்டாள். பெரிய கிளாக்கர் கரியரில் அமர்ந்து, கால்களை மடக்கி, சீற்றின் அடியைப் பிடித்துக்கொண்டார். கல் கல்லாக அவர் அறிந்திருந்த பாதை முதன்முறையாக அவருக்குக் கீழே ஓடியது.

"அந்த வளைவிலை பள்ளம். இடப்பக்கம் எடும்."

"தெரியும். நீங்கள் விறாந்தையிலை சொன்னதைக் கேட்டுத்தானே பழகினனான்."

பள்ளிக்கூட வாசலில் அவள் ஒரு காலை ஊன்றிச் சைக்கிளை நிறுத்தினாள். "இப்ப சொல்லுங்கோ. இது பொம்பிளை ஓடுற பாதையோ, இல்லையோ?"

"முதல் என்னை இறங்க விடும்."

"சொல்லிப்போட்டு இறங்குங்கோ."

சிற்றம்பலம் பூட்டிக்கிடந்த பள்ளிக்கூடத்தைப் பார்த்தார். முன்னால் இருந்த முதுகைப் பார்த்தார். அது மூச்சை அடக்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவருக்குப் பொய் வரவில்லை.

"பாதை நல்லதுதான்," என்றார். "ஆம்பிளையளுக்குத்தான் கொஞ்சம் கஷ்டம்."

திரும்பும் வழியில், சங்கிலி கண்ணில் படுமுன்பே குணமணி இறங்கினாள். சேலையைச் சரிசெய்துகொண்டு கைப்பிடியை அவரிடம் கொடுத்தாள். "பிடியுங்கோ. அங்கை இராசையா நிப்பார்."

அவர் தள்ளிக்கொண்டு போனார்.

"என்னங்க ஐயா, காத்துப் போச்சுங்களா?"

"ஓம், இராசையா. இண்டைக்கு முழுக்கப் போச்சு."

"அதிசயந்தாங்க," என்றார் இராசையா, சங்கிலியை இறக்கிக்கொண்டே. "அம்மா தனியா வர்றப்ப ஒரு முள்ளும் குத்துறதில்லை."

அடுத்த மாதத்து முதல் திங்கட்கிழமை. மத்தியானச் சோறு காலையிலேயே மேசையில் மூடியிருந்தது. ஆறத் தொடங்கியும் இருந்தது. குணமணி குடையையும் பையையும் கரியரில் கட்டினாள். கறுப்புக் கோட்டு மாட்டிய சிற்றம்பலம் வாசலில் நின்று, கடைசி நியாயத்தை எடுத்துவைத்தார்.

"அப்ப நான் கந்தோருக்கு எப்பிடிப் போறது?"

"நீங்கள் எப்பிடியும் நடந்துதானே போறனீங்கள்," என்றாள் குணமணி, சீற்றில் ஏறியபடி. "இனி தள்ளுற கரைச்சலும் இல்லை."