பத்து மணி நிலநடுக்கம்

"சார், இன்னிக்கும் சீப்புப் பல்லு வந்திருச்சு!" என்றாள் பெருக்க வந்த இருளாயி.

கலையரசன் கம்ப்யூட்டர் திரையைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். ஸ்ரீரங்கத்தில் போன மாதம் திறந்த நிலநடுக்கப் பதிவு நிலையத்தின் ஒரே அலுவலர் அவர்தான். உள்ளறைக் குழியில் இருக்கும் கருவி, சுமத்ராவில் பூமி அசைந்தால்கூடச் சொல்லிவிடும். மகா சமர்த்து. ஆனால் திறந்த நாள் முதல் காலை பத்து மணியானால், சீப்புப் பல் போலச் சீராக ஏறி இறங்கும் ஏதோ ஓர் அதிர்வையும் சேர்த்துப் பதிந்து அவர் உயிரை வாங்கியது.

மேலதிகாரி ரெஜிஸ் சென்னையிலிருந்து போனில் கறாராகச் சொல்லிவிட்டார்.

"வெள்ளிக்கிழமை நேர்ல வரேன். அதுக்குள்ள இது நிக்கலேன்னா ஸ்டேஷனை உப்பிலியபுரத்துக்கு மாத்திடுவேன். மலையடிவாரம், சத்தமே இருக்காது. நீங்களும் கூடவே போயிடுங்க."

மனைவி சுபஸ்ரீக்குத் திருவெறும்பூரில் இப்போதுதான் டீச்சர் வேலை கிடைத்திருந்தது.

"நீங்க வேணா போங்க. நான் வரமாட்டேன்" என்று அவளும் கறாராகச் சொல்லிவிட்டாள்.

அவளைப் பிரிந்து ஒரு நாள்கூட இருக்க மனுஷனால் முடியாது. அலுவலகம் வந்ததும் உள்ளறைப் பிள்ளையார் படத்துக்கு முன் போடும் பதினோரு தோப்புக்கரணத்தை இருபத்தொன்றாக்கினார். சாமியை மட்டும் நம்பி உட்கார்ந்திருக்க முடியுமா? தெருவிலும் இறங்கினார்.

முதலில் பக்கத்து அரவை மில் விஜயராணி.

"காலைல கொஞ்ச நேரம் மில்லை நிறுத்துங்கக்கா. புண்ணியமாப் போகும்."

நிறுத்தினாள். மறுநாள் சீப்புக்குப் பல் கூடியிருந்தது! அரைக்க வந்த கூட்டம் வாசலில் நின்று சண்டை போட்டதுதான் காரணம் என்று முடிவு கட்டினார். தோப்புக்கரணம் ஐம்பத்தொன்று ஆனது.

அடுத்து மினி பஸ் டிரைவர் மாதவன்.

"இந்த இடத்துல மட்டும் மெதுவாப் போங்க தம்பி."

பஸ் மெதுவாகப் போனதும், இங்கே நிற்கும் போல என்று ஜனம் ஏறி இறங்க ஆரம்பித்துவிட்டது. சீப்பு திரை முழுக்க நீண்டது. போதுமடா சாமி!

வெள்ளிக்கிழமை காலை. கெஞ்சிக் கூத்தாடி மில்லைப் பூட்டவைத்து, பஸ்ஸையும் வேறு தெருவில் திருப்பிவிட்டிருந்தார். தெருவே கப்சிப். ரெஜிஸ் வந்து திரைக்கு முன்னால் உட்கார்ந்தார்.

"சார், அஞ்சே நிமிஷம்" என்று உள்ளறைக்குள் ஓடினார் கலையரசன்.

"பிள்ளையாரப்பா, என்னையும் என் பொண்டாட்டியையும் பிரிச்சிடாதே!"

காதைப் பிடித்துக்கொண்டு நூற்றெட்டு. முழங்கால் விட்டுப்போயிற்று. சுவரில் சாய்ந்து மூச்சு வாங்கிவிட்டு வெளியே வந்தபோது சட்டை தெப்பலாக நனைந்திருந்தது.

ரெஜிஸ் பதிவை அச்செடுத்து, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார். காகித உருளையில் மை முள் கிறுக்கிய காலத்து ஆள். கையால் எண்ணாமல் எதையும் நம்பமாட்டார்.

"வந்துச்சா சார்?"

"வந்துச்சு."

கலையரசனுக்குப் பாதி உயிர் போய்விட்டது.

"இப்பதான் நின்னுச்சு" என்றார் ரெஜிஸ்.

"அப்பாடா! நூத்தியெட்டு தோப்புக்கரணம் வீண் போகல சார்!"

ரெஜிஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார்.

"நூத்தியெட்டா? இதுல நூத்தியேழுதான் இருக்கு. பிள்ளையாரை ஒண்ணு ஏமாத்திட்டீங்க, கலையரசன்."