டெல்பர்ட் தேடிப்போன அசல்

சாப்பாட்டு மேசையில் மகள் வைத்துவிட்டுப் போன ஒற்றைத் தாளைப் படித்ததும் டெல்பர்ட் பொரித்த மீனைத் தள்ளி வைத்தார்.

"அந்தக் காலத்துல நம்ம மிசிசிப்பி அமெரிக்காவை விட்டுப் பிரிஞ்சு போனது அடிமை முறையைக் காப்பாத்தவாம். ஆரம்பத்துலயே போட்டிருக்கு. எவன் எழுதினது இது?"

"மிசிசிப்பிதான்ப்பா," என்றாள் மேரிபெத். "பிரிஞ்சப்ப அவங்களே வெளியிட்ட அறிக்கையாம். ரூக்கர் டீச்சர் கொடுத்தாங்க."

"அவ கொடுத்தாளா? அப்ப சரிதான்."

ரூக்கர் ஊருக்குப் புதிது. வடக்கே ஒஹையோ மாநிலத்துப் பக்கம் என்று கேள்வி. வடக்கும் தெற்கும் மோதிய உள்நாட்டுப் போருக்குக் காரணம் வரியும் மாநில உரிமையும்தான் என்று தன் டயர் கடைக்கு வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வருடக்கணக்காகச் சொல்லிவந்தவர் டெல்பர்ட். திங்கட்கிழமை பள்ளிக் குழுக் கூட்டத்தில் புகார் கொடுத்து அவள் வேலைக்கு உலை வைப்பதென்று முடிவு செய்தார்.

"அசல் எங்கேன்னு கேப்பாங்களேப்பா," என்றாள் மகள், தட்டைக் கழுவிக்கொண்டே. "அது உன் கையில இருந்தா டீச்சர் வாயே திறக்க முடியாது."

நியாயமாகத்தான் பட்டது. மறுநாள் ஊர் நூலகத்துக்குப் போனார். அங்கிருந்த அம்மாள் எடுத்துக் கொடுத்த பிரதியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை.

"நீங்க ரூக்கருக்குச் சொந்தமா?"

"இல்லைங்க. ஒரே சர்ச்."

"அதானே பாத்தேன்."

கடையைப் பூட்டிவிட்டு மாநிலத் தலைநகர் ஜாக்சனுக்கு வண்டியை விட்டார். மாநில ஆவணக் காப்பகத்தில் முதல் வேலையாகப் பேனாவை வாங்கி வைத்துக்கொண்டு, ஒரு பென்சிலைக் கொடுத்தார்கள்.

"ஏன், பேனா இருந்தா என்ன?"

"மை பட்டுடும் சார்."

எதையோ மறைக்கிறார்கள் என்பது டெல்பர்ட்டுக்கு உறுதியாகிவிட்டது. அந்தக் காலத்திலேயே அச்சான பிரதி வந்தது. தாளை முகர்ந்து பார்த்தார். பழசுதான். வரிகளும் அதே வரிகள்தான்.

மிசிசிப்பிக்காரர்கள் ஏதோ அவசரத்தில் உளறியிருக்கலாம் என்று தென் கரோலினாவின் அறிக்கையைக் கேட்டு வாங்கினார். அதில் மாநில உரிமை வந்தது. ஓடிவந்த அடிமைகளைத் திருப்பி அனுப்ப மாட்டோம் என்று வட மாநிலங்கள் தங்கள் இஷ்டத்துக்குச் சட்டம் போட்டுக்கொண்டதாகப் புகார். டெல்பர்ட் அதை இரண்டு முறை படித்தார். மாநில உரிமை, வடக்கத்தியான் கையில் இருந்தது.

வாசலுக்கு வந்து, தென் படையில் சண்டை போட்டவர்களின் வாரிசுகள் சங்கத் தலைவர் ராய்ஸுக்குப் போன் போட்டார்.

"ராய்ஸ், வரிதான் காரணம்னு அந்தக் காலத்து ஆளுங்க எழுதினது ஏதாவது இருக்கா?"

"புகார் கொடுக்கணும்னா கொடுத்துட்டுப் போயேன். எதுக்குய்யா உக்காந்து படிச்சிக்கிட்டு இருக்கே?"

"இல்ல, கையில ஒண்ணு இருந்தா..."

எதிர்முனையில் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. பிறகு ராய்ஸ் தணிந்த குரலில் கேட்டார்: "டெல்பர்ட், உன்னை யாராவது அனுப்பினாங்களா?"

வீடு திரும்பிய டெல்பர்ட் தொப்பியைக்கூடக் கழற்றவில்லை. நகலெடுத்து வந்த தாள்களை மேசைமேல் போட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"புகார் கொடுக்கலை. கூட்டத்துக்குப் போயி இதைத்தான் படிக்கப்போறேன். ராய்ஸ் இனிமே என்கூடப் பேச மாட்டான், போகட்டும். இத்தனை வருஷமா கடையில நின்னு என்னத்தையெல்லாம் பேசியிருக்கேன்."

மேரிபெத் விறுவிறுவென்று எழுதிக்கொண்டிருந்தாள்.

"நீ என்னம்மா எழுதறே?"

"டீச்சர் கொடுத்த வேலைப்பா. வீட்டுல நம்பாத ஆள் ஒருத்தரைப் பிடிச்சு, வாதாடாம, அசலை அவரே தேடிப் படிக்க வைக்கணும்னாங்க. மத்தவங்க அப்பா எல்லாரும் நம்ம ஊர் லைப்ரரியோட நின்னுட்டாங்க. நீ மட்டும்தான்ப்பா ஜாக்சன் வரைக்கும் போனே."