ஜனாதிபதி போட்ட ஒற்றை ஓட்டு

தன்னை எதிர்த்து நிற்கச் சொல்லி இரண்டு பேரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்த வேட்பாளர் இந்தப் பூமியிலேயே ஒருவர்தான். அவர் அரவேணுவுக்குக் கீழே எங்கள் தேயிலை எஸ்டேட்டில் பச்சை இலை எடை போடுகிறார். ரேஷன் கார்டில் அவருக்கு ஏதோ பெயர் இருக்கிறது. ஆனால் தொழிலாளர் லைன் வீடுகள் நாற்பத்து மூன்றுக்கும் அவர் ஜனாதிபதிதான்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்து, இருபது வயதில் கப்பலேறி வந்தவர். குடியுரிமை கொடுக்காததால் அங்கே அவருக்கு ஓட்டுரிமையே இருந்ததில்லை. ஆனாலும் அந்த நாட்டு ஜனாதிபதித் தேர்தல் ஒன்றைக்கூட அவர் ரேடியோவில் கேட்காமல் விட்டதில்லை. யார் ஜெயிப்பார் என்பது அவருக்குப் பொருட்டல்ல. அங்கே ஓட்டுச் சீட்டில் ஒன்று, இரண்டு என்று வரிசை போடலாம். யாருக்கும் பாதிக்கு மேல் விழாவிட்டால், முதல் இருவரை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவர்களைக் கழித்துவிடுவார்கள். கழிந்தவர்களின் சீட்டில் இரண்டாவதாக யாருக்குப் போட்டிருக்கிறது என்று பார்த்து எண்ணுவார்கள். அந்த இரண்டாவது எண்ணிக்கையை ஒருதரம் கேட்டுவிட வேண்டும் என்பது அவருடைய ஆயுட்காலக் கனவு.

"சுயேச்சைங்க நெறைய நிக்கணும் கிளார்க்கு ஐயா. அப்பத்தான் ஓட்டு நல்லாப் பிரியும்," என்பார் என்னிடம். தராசில் மூட்டை தொங்கிக்கொண்டிருக்கும். அவர் கண்ணோ எதிர்மலை மேகத்தில் இருக்கும். மேகம் இரண்டாகப் பிரிந்தால் முகம் மலர்ந்துவிடும்.

வரிசையில் நிற்கும் பெண்களுக்குப் பொறுக்காது. "ஏனுங்க, ஓட்டு பிரியறது இருக்கட்டும். மொதல்ல மூட்டைய எறக்குங்க, எல வாடுதுங்க."

"கொஞ்சம் வாடட்டும் ஆயி. அங்க ஒரு நாடே காத்துக்கிட்டு இருக்கு."

போன தேர்தலில் அது நடந்தே விட்டது. சுயேச்சைகள் கூட்டமாக நின்றார்கள், யாருக்கும் பாதி வரவில்லை, இரண்டாவது எண்ணிக்கையும் நடந்தது. நம்மாளுக்கு அன்றைக்குப் பார்த்துக் காய்ச்சல். மாத்திரை போட்டுக்கொண்டு, காதருகே ரேடியோ பாட, நாள் முழுக்கத் தூங்கிவிட்டார். ஒரு வாரம் மேகத்தைக்கூட நிமிர்ந்து பார்க்கவில்லை.

அடுத்த வருடம் எஸ்டேட் மாரியம்மன் கோயில் கமிட்டிக்குத் தலைவர் தேவைப்பட்டது. திருவிழாவன்று பூசாரி தலைவருக்குத்தான் பரிவட்டம் கட்டுவார். லாரி டிரைவர் செல்வத்துக்கும் மளிகைக் கடை முருகேசனுக்கும் ஏழாம் பொருத்தம்; லைன் வீடுகளும் பாதிக்குப் பாதி அவர்கள் பின்னால் நின்றன. ஆனால் ஜனாதிபதி என்றால் இரண்டு பேருக்கும் சம்மதம். கூட்டம் ஒருமனதாகக் கைதட்டியது.

அவருக்கும் அந்தப் பதவி வேண்டியிருந்தது. இலங்கையிலேயே தங்கிவிட்ட தங்கை, நாற்பது வருடத்துக்குப் பிறகு அந்தத் திருவிழாவுக்கு வருவதாக இருந்தாள். "அவ கண்ணு முன்னால தலையில பரிவட்டம் கட்டிக்கணும் ஐயா," என்று என்னிடம் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பார்.

அப்படிப்பட்டவர் அந்தக் கூட்டத்தில் எழுந்து நின்று, "போட்டியில்லாம வந்தா அது தலைவர் பதவியா? தேர்தல் வைக்கணும். ஒண்ணு, ரெண்டு போடணும்," என்றார்.

"உங்கள எதுத்து யாருங்க நிப்பாங்க?" என்றார் முருகேசன்.

"நீங்கதான். செல்வமுந்தான். ரெண்டு பேரும் சுயேச்சை."

சொன்னதோடு விடவில்லை. இருவர் வீட்டுக்கும் நடையாய் நடந்து சம்மதம் வாங்கினார். பழைய காலண்டரைக் கிழித்துச் சீட்டு செய்தார். வீட்டுக்கு ஒரு ஓட்டு. தேர்தல் அதிகாரி நான்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மஞ்சு மூட்டம் கோயில் வாசல் வரை வந்து நிற்க, ஓட்டுப் பதிவு நடந்தது. எப்படியும் ஜனாதிபதிதான் வருவார், நம்ம செல்வத்துக்கு மரியாதைக்கு ஒன்று போட்டுவிட்டு அவருக்கு இரண்டு போடுவோம் என்று செல்வத்தின் ஆட்கள் நினைத்தார்கள். முருகேசனின் ஆட்களும் தங்கள் ஆளை வைத்து அச்சு அசலாக அதையே நினைத்தார்கள்.

எண்ணினேன். செல்வம் இருபத்தொன்று. முருகேசன் இருபத்தொன்று. ஜனாதிபதிக்கு ஒன்று, அது அவரே போட்டுக்கொண்டது.

"பாதி யாருக்கும் வரல," என்றார் கனவில் பேசுகிறவர் மாதிரி. "பிரிஞ்சிருச்சு ஐயா. இப்பக் கடைசி ஆளக் கழிங்க."

"கடைசி ஆள் நீங்கதானே?"

"அதுக்கென்ன? கழிங்க."

முருகேசனுக்கே மனசு கேட்கவில்லை. "ஏனுங்க, மத்த நாப்பத்திரெண்டு சீட்டுலயும் ரெண்டாவது நீங்கதானுங்க. பேசாம நீங்களே இருந்துருங்க."

"அதத் தொடவே கூடாது. கழிஞ்சவன் சீட்டுல உள்ள ரெண்டாவதத்தான் எண்ணணும்."

கழிந்தவருக்கு விழுந்தது ஒரே ஒரு சீட்டு. அதில் செல்வத்துக்கு இரண்டு போட்டிருந்தது. செல்வம் தலைவரானார். எனக்குத் தலையிலடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஜனாதிபதி கண் கலங்கிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

திருவிழாவன்று செல்வம் தன் பரிவட்டத்தை ஜனாதிபதிக்கே கட்டப் பார்த்தார். அவர் தலையைக் கொடுக்கவில்லை. பக்கத்தில் நின்ற தங்கைக்கு முகம் வாடிவிட்டது.

"தலைவராகப் போறேன்னு போன்ல சொன்னீங்களேண்ணே?"

"அது கெடக்கட்டும் ஆயி. நான் போட்ட ஒத்த ஓட்டுலதான் இங்க தலைவரே வந்தாரு. அங்க அந்த ஒண்ணுகூட இல்லாமத்தானே என்னையக் கப்பல் ஏத்துனாங்க?"

"அந்தச் சீட்டக் காட்டுங்கண்ணே," என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். கேட்கவில்லை, பார்த்தார், அவ்வளவுதான். நான் ஆபீசுக்குப் போய், எண்ணி முடித்து மூடிய ஓட்டுப் பெட்டியின் முத்திரையை உடைத்து அந்தச் சீட்டை எடுத்து வந்தேன். தங்கை அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நாலாக மடித்துப் பர்சில் வைத்து இலங்கைக்கே கொண்டுபோய்விட்டாள்.

தேர்தல் அதிகாரி செய்யவே கூடாத காரியம் அது. அந்த மனிதருக்காக என்றால் நான் இன்னும் பத்துப் பெட்டியை உடைப்பேன்.